கட்டைவிரலின் வாக்குமூலம்

முன்னொரு காலத்தில், இன்று பெயர் மறந்துபோன ஒரு நாட்டைக் கண்டீரவன் என்ற மன்னர் ஆண்டுவந்தார். அவருக்கு அறுபத்தாறு வயது. மூன்று போர்களில் கலங்காதவரை வலது கால் கட்டைவிரல் கலங்கடித்துவிட்டது. விரல் பாதத்தோடு சேரும் மூட்டு வீங்கிப் புடைத்திருந்தது. காலையில் படுக்கையைவிட்டு இறங்கினால் விரல் மடங்க மறுத்தது.

மூத்த வைத்தியர் வெந்நீரில் காலை வைக்கச் சொன்னார். இளைய வைத்தியர் குளிர்ந்த ஈரத்துணியைச் சுற்றச் சொன்னார். ஒருவர் நடக்க வேண்டும் என்றார், மற்றவர் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார். மன்னர் காலை வெந்நீரில் வைத்து எடுத்தார், உடனே ஈரத்துணி சுற்றினார், எழுந்து பத்து அடி நடந்தார், பிறகு படுத்துக்கொண்டார். வலி கூடியது. எதனால் கூடியது என்று அவருக்கும் புரியவில்லை, வைத்தியர்களுக்கும் புரியவில்லை.

மறுநாள் சபையில் மன்னர் சலித்துக்கொண்டார். "ஆளுக்கொன்று சொல்கிறீர்கள். நான் யாரைத்தான் நம்புவது? என் விரலுக்கு என்ன வேண்டுமென்று அதனிடமே கேட்க இங்கே ஆளில்லையா?"

தலைமை அமைச்சர் அனந்தசேகரர் எழுந்தார். அரசவை விகடகவி சீராளன் வாயைத் திறந்தாலே மன்னர் சிரிப்பது அவருக்கு நெடுநாளாய் உறுத்தல்.

"அரசே, கல்லையும் பேசவைப்பேன் என்று சீராளர் இதே அவையில் பாடியிருக்கிறார். விரலிடம் அவரே வாக்குமூலம் வாங்கட்டும். இயலாவிட்டால் அவர் பாடியது பொய் என்றாகும்."

மன்னருக்கு அது நியாயமாகவும் பட்டது, பைத்தியக்காரத்தனமாகவும் பட்டது. வலியில் எது எதுவென்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"நாளை காலைவரை நேரம் தருகிறேன், சீராளரே. விரல் பேசவில்லை என்றால் நீர் இந்த நாட்டில் இருக்க வேண்டாம்."

சீராளன் வணங்கிவிட்டு வெளியே வந்தார். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அரண்மனை வாசலிலேயே வெகுநேரம் நின்றார்.

மறுநாள் காலை ஓர் அகன்ற பாத்திரத்தில் வெந்நீரோடு அவைக்கு வந்தார். மன்னரின் காலடியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கட்டைவிரலைக் கும்பிட்டார்.

"விரலாரே, கேட்பதற்கு உண்மையைச் சொல்லும்." விரலை மெல்ல மேல்நோக்கி வளைத்தார்.

"ஆ" என்றார் மன்னர்.

"எழுதிக்கொள்ளும்," என்றார் சீராளன் எழுத்தரிடம். "வளைத்தால் வலிக்கிறது என்கிறார்."

பாதத்தை வெந்நீரில் இறக்கினார். மன்னர் பெருமூச்சு விட்டார். "விறைப்புக்கு இது இதமாம். அதையும் எழுதும்."

பிறகு, சென்ற திருநாளில் அமைச்சர் காணிக்கையாகக் கொடுத்து, மன்னர் அன்றுமுதல் நாள்தோறும் அணிந்துவந்த கூர்மூக்குச் செருப்பை எடுத்து, ஈரக் காலில் மாட்டப் பார்த்தார்.

"ஐயோ" என்றார் மன்னர்.

அனந்தசேகரர் குறுக்கிட்டார். "இது ஏமாற்று. பேசுவது மன்னர். விரல் எங்கே பேசியது?"

"அமைச்சரே, தெருவில் முரசறைபவன் கத்துகிறான். கேட்பவர்கள் அதை யாருடைய வார்த்தை என்கிறார்கள்?"

"மன்னருடைய வார்த்தை."

"அதேபோலத்தான். விரலாருக்கு வாய் இல்லை. அவருக்கு முரசறைய இந்த நாட்டின் மன்னரே வாய்த்திருக்கிறார்."

அவை மன்னரைப் பார்த்தது. சிரிப்பதா கோபப்படுவதா என்று மன்னருக்கே தெரியவில்லை. அதற்குள் சீராளன் அவரது ஈரப் பாதத்தைக் கல்தரையில் பதியவைத்து, அந்தத் தடத்தின்மேல் செருப்பை வைத்தார். இரு பக்கமும் தடம் பிதுங்கித் தெரிந்தது.

"வயது மூட்டைத் தேய்த்தது, அரசே. அது யார் கையிலும் இல்லை. ஆனால் தேய்ந்ததை நெரித்தது இந்தச் செருப்பு."

மூத்த வைத்தியர் தடத்தைக் குனிந்து பார்த்தார். "நாங்கள் காலைப் பார்த்தோம், காலணியைப் பார்க்கவில்லை," என்றார். இளையவரோடு கலந்து பேசி, முதல்முறையாக இருவரும் ஒரே பதில் சொன்னார்கள். காலையில் விறைத்திருந்தால் வெந்நீர். நடந்து வீங்கினால் ஈரத்துணி. நடை வேண்டும், வலி தொடங்கும் முன் நிறுத்த வேண்டும். முன்புறம் அகன்று, அடி கெட்டியான செருப்பு போட வேண்டும்.

இரண்டு மாதத்தில் மன்னர் கடைத்தெருவரை நடந்து திரும்பினார். வலி முழுவதும் போகவில்லை. ஆனால் எப்போது வரும், வந்தால் என்ன செய்வது என்று தெரிந்திருந்தது.

அவர் சீராளனை அழைத்தார். "ஒரு மூட்டுக்குள் நடப்பது உமக்கு எப்படித் தெரிந்தது? என்ன வேண்டுமோ கேளும்."

"உட்கார ஒரு முக்காலி வேண்டும், அரசே. எனக்கும் அதே விரல்தான். பதினோரு ஆண்டாயிற்று."

"பதினோரு ஆண்டா? ஏன் சொல்லவில்லை?"

"என் விரலுக்கு முரசறைய ஆளில்லை, அரசே. மன்னர் முன்னால் யாரும் 'ஆ' என்று கத்தக் கூடாதாமே."

மன்னர் அரியணையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அன்றே பட்டு விரித்த ஒரு முக்காலி வந்தது. அதில் சீராளனை உட்காரவைத்து, அந்த அவையில் எவரும் எப்போது வேண்டுமானாலும் "ஆ" என்று சொல்லலாம் என்று ஆணையிட்டார்.