பந்தித் தாளம்

கொத்தப்பட்டியில் அறிவாளிகளுக்குப் பஞ்சம் கிடையாது. ஆனால் அவர்களில் யாரும் 'சந்தனக்காற்று இன்னிசைக் குழு'வில் சேரவில்லை. குழுவில் இருந்தது நாலு பேர்: தலைவரும் பாடகருமான திருமேனி, கீபோர்டு வாசிக்கும் சாலமன், கிட்டார் பக்கிரி, தாளத்துக்குச் சவரிமுத்து. நாலு பேருக்கும் மூளை சரிசமமாக வாய்த்திருந்ததால் ஒருவர் குறை இன்னொருவர் கண்ணில் பட்டதே இல்லை.

சவரிமுத்து மட்டும் கொஞ்சம் யோசிக்கிற ஆள். ஐம்பதைத் தாண்டிய பிறகு அந்த வழக்கம் முற்றிவிட்டது. குளிக்கும்போது திடீரென்று செம்பை நிறுத்தி, "நான் முட்டாளோ?" என்று தன்னையே கேட்டுக்கொள்வார். பிறகு, முட்டாளுக்கு இப்படியொரு சந்தேகம் வருமா என்றும் கேட்டுக்கொண்டு, நிம்மதியாகத் தலை துவட்டுவார்.

அவரிடம் ஒரு ரிதம் பேட் இருந்தது. குச்சியால் தட்டினால் டிரம், தபலா, உருமி என்று எந்தச் சத்தமும் கொடுக்கும். அதன் அடியில் 'உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று எழுதியிருந்ததை ஒருநாள் பக்கிரி படித்துவிட்டார். ஊரிலேயே உலர்ந்த இடம் எது என்று நாலு பேரும் கூடிப் பேசினார்கள். அரங்கநாயகம் முதலாளியின் அரிசி ஆலைக் களம்தான் என்று முடிவானது. சித்திரை வெயிலில் நெல்லோடு நெல்லாகப் பேடைக் காயப் போட்டார்கள். பக்கிரி அவ்வப்போது போய்க் காலால் கிளறியும் விட்டார். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் நன்றாக உலர்ந்திருந்தது. உருகியும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அதே முதலாளி மகளின் திருமண வரவேற்புக்குக் கச்சேரி ஒப்புக்கொண்டிருந்தார்கள். திருமேனி தயங்கித் தயங்கித்தான் விஷயத்தைச் சொன்னார்.

"சாலமன் கீபோர்டுல ஒரு பட்டன் இருக்காம் சவரி. அமுக்குனா தாளம் தானா வருதாம்."

"நான் அமுக்குனதில்லண்ணே," என்றார் சாலமன். "தடவிப் பார்த்ததோட சரி."

"வரவேற்புக்குள்ள உனக்கு ஒரு பேட் வந்துட்டா நல்லது. இல்லேன்னா பட்டன்தான். உன் நாற்காலிய எடுத்துட்டு அங்க ஒரு பூச்சாடி வச்சா மேடை எடுப்பா இருக்கும்னு முதலாளி வீட்டம்மா சொல்றாங்க."

சவரிமுத்து அன்று குளியலறையில் வெகுநேரம் இருந்தார். தனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பட்டன் செய்கிற வேலையைத்தானா இத்தனை காலமும் வேர்க்க விறுவிறுக்கச் செய்துகொண்டிருந்தோம்? சரி, பட்டன் வந்தால் பட்டனை உட்கார வைக்கலாம். பூச்சாடியா? பூச்சாடிக்குத் தாளம் தெரியுமா? தலைகூடத் துவட்டாமல் வெளியே வந்து, "நானே ஒண்ணு செய்யப்போறேன்," என்றார்.

செய்முறைக்கு ஒரு வீடியோ கிடைத்தது. கண்ணாடி போட்ட ஒருவர் நல்ல தமிழில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அவர் சொன்னதில் ஓர் எழுத்தும் பிசகக் கூடாது என்று நாலு பேரும் சத்தியம் செய்துகொண்டார்கள். "முதல்ல அந்த பெல் பட்டனை அழுத்திடுங்க," என்றார் கண்ணாடிக்காரர்.

சவரிமுத்து வீட்டில் பெல் கிடையாது. எதிர்வீட்டு போஸ்ட் மாஸ்டர் வீட்டில் இருந்தது. பக்கிரி போய் அழுத்தினார்.

"என்னப்பா?" என்று வெளியே வந்தார் போஸ்ட் மாஸ்டர்.

"ஒண்ணுமில்ல சார். தாள வாத்தியம் செய்றோம்."

அவர் பக்கிரியை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "சரியாத்தான் போகுது," என்று பக்கிரி திரும்பிவந்து அறிவித்தார். வீடியோவைத் திரும்பத் திரும்ப முதலிலிருந்து பார்க்க வேண்டியிருந்ததால், போஸ்ட் மாஸ்டரும் திரும்பத் திரும்ப வெளியே வர வேண்டியிருந்தது. கடைசியில் அவர் பெல்லின் வயரையே பிடுங்கி எறிந்துவிட்டார். வேலை பாதியில் இருக்கும்போது இப்படிச் செய்கிறாரே என்று நாலு பேருக்கும் வருத்தம்.

வாத்தியம் என்னவோ எளிமையானதுதான். பீசோ என்பது சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளை வட்டு. அதைத் தட்டினால் துளி மின்சாரம் கசியும். அந்தத் துளிக்காக மைக்ரோகண்ட்ரோலர் என்கிற தீப்பெட்டி அளவுப் பச்சை அட்டை காத்துக்கொண்டே இருக்கும். வந்ததும் கீபோர்டுக்குச் சேதி அனுப்பும். கீபோர்டு டிரம் சத்தம் எழுப்பும். நாலு வட்டு, நாலு சத்தம். செல்போன் பழுதுபார்க்கும் கடைக்காரர் பாகங்களை வரவழைத்து, வயர்களைப் பற்றவைத்து, அட்டையில் புரோகிராமையும் ஏற்றிக் கொடுத்துவிட்டார். ஆகவே இவர்களுக்கு மிச்சம் இருந்தது கெடுக்கிற வேலை மட்டும்தான்.

"வட்டை எந்தத் தட்டையான பொருள்லயும் ஒட்டலாம்," என்றார் கண்ணாடிக்காரர்.

"தோசைக்கல்?" என்றார் பக்கிரி.

"அது நடுவுல குழிஞ்சிருக்கும்," என்றார் சாலமன்.

"உங்க வீட்டுக் கல்லு குழிஞ்சா ஊர்ல எல்லாக் கல்லும் குழிஞ்சதா?"

சவரிமுத்து வீட்டைச் சுற்றி வந்து கையால் தடவித் தடவிப் பார்த்தார். இருப்பதிலேயே தட்டையானது வாசல் கதவு. அதைக் கழற்றித் தரையில் கிடத்தினார்கள். மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்த அவர் மனைவி பிலோமினா வாசலில் நின்றுவிட்டாள்.

"கதவு எங்கே?"

"அது இப்ப டிரம்மு," என்றார் சவரிமுத்து.

"பசை காயுற வரைக்கும் விரலால அழுத்திப் பிடிங்க," என்றார் கண்ணாடிக்காரர். ஆளுக்கு ஒரு வட்டைப் பிடித்துக்கொண்டு கதவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பசை காய்ந்தது. விரலை எடுக்கச் சொல்லி அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததை எப்படிச் செய்வது? சாப்பாட்டு நேரம் வந்ததும் பிலோமினா நாலு பேருக்கும் உருண்டை பிடித்து ஊட்டினாள். ஊட்டி முடித்துவிட்டு, "கை கழுவிட்டு வாங்க," என்றாள். அதற்குப் பிறகுதான் விரலை எடுத்தார்கள். கொஞ்சம் தோல் கதவிலேயே தங்கிவிட்டது.

சவரிமுத்து ஒரு வட்டுப் பக்கத்தில் குச்சியால் மெதுவாகத் தட்டினார். நாலு சத்தமும் சேர்ந்து வந்தன. மறு ஓரத்தில் தட்டினார். அதே நாலு. பிலோமினா அடுப்படியில் மிளகு இடித்தாள். அதற்கும் நாலு.

இதற்கும் வீடியோவில் பதில் இருந்தது. "ஒண்ணோட அதிர்வு இன்னொண்ணுக்குப் போகக் கூடாது. வட்டுகளைத் தள்ளித் தள்ளி வைங்க. எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ, அவ்வளவு நல்லது."

"எவ்வளவு முடியும்?" என்று கேட்டார் திருமேனி.

பக்கிரி யோசித்தார். "ஒட்டன்சத்திரம் வரைக்கும் முடியும். அங்க என் மச்சினன் இருக்கான்."

"அவருக்குத் தாளம் தெரியுமா?"

"தெரியாது. ஆனா வீட்லதான் இருப்பான்."

"அவ்வளவு வயர் கிடைக்காதுங்க," என்று சாலமன் சொன்னதால்தான் அந்த யோசனை கைவிடப்பட்டது. மண்டபத்துக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு என்று தீர்மானித்து, வட்டுகளைக் கத்தியால் நெம்பி எடுத்துக்கொண்டு, கதவைப் பிலோமினாவிடம் ஒப்படைத்தார்கள்.

வரவேற்பு நாளில் காலையிலேயே மண்டபத்துக்குப் போய்த் தட்டையான பொருள் தேடினார்கள். மேடைக்குப் பின்னால் சாப்பாட்டுக் கூடம் இருந்தது. அதில் நீளநீளமான மேஜைகள். அவற்றைவிடத் தட்டையாக உலகத்தில் எதுவும் இல்லை. கூடத்தின் நாலு மூலை மேஜைகளுக்கு அடியில் ஆளுக்கொரு வட்டை ஒட்டி, வயரை மேடைக்கு இழுத்தார்கள்.

திருமேனிக்கு மட்டும் ஒரு சிறு சந்தேகம். "பேஸ் டிரம் அந்த மூலையில, சிம்பல் இந்த மூலையில. எப்படிய்யா அடிப்ப?"

"ஓடி ஓடி அடிப்பேன். நீங்க மெதுவான பாட்டா எடுத்துக்கங்க."

மேடையில் சவரிமுத்துவின் நாற்காலி இருந்தது. அதில் துண்டைப் போட்டுவிட்டு, இரண்டு குச்சிகளோடு கூடத்தின் வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். இந்த நாற்காலிக்காக இத்தனை பாடுபட்டோம், இதில் உட்கார நேரம் வருமா என்று ஒரு கேள்வி எழுந்தது. அதற்குள் திருமேனி தொண்டையைக் கனைத்துவிட்டார்.

முதல் பாட்டு தொடங்கியது. சவரிமுத்து கூடத்துக்குள் பாய்ந்தார். உள்ளே முதல் பந்தி உட்கார்ந்திருந்தது. ஒரு மேஜையும் காலி இல்லை. மேஜை சாப்பிடத்தான் போட்டிருக்கிறது என்பது அந்த நிமிடம்தான் அவருக்கு உறைத்தது.

ஜரிகை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் சோற்றுமேல் அப்பளத்தை வைத்து உள்ளங்கையால் ஓங்கி நொறுக்கினார். மண்டபமே அதிர, மேடையில் பேஸ் டிரம் அடி விழுந்தது. எதிர்மூலையில் ஒருவர் நொறுக்கினார். சிம்பல். ஒரு குழந்தை தண்ணீர் பாட்டிலால் மேஜையை மொத்தியது. உருமி உறுமியது. திருமேனியின் பாட்டு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றது. சவரிமுத்து எட்டிப் பார்த்தார். சாலமனின் விரல் அந்தப் பட்டனை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

சவரிமுத்து பெரியவரிடம் ஓடினார். "ஐயா, அப்பளத்த இப்ப நொறுக்காதீங்க. பாட்டு திரும்பி வரும்போது நான் தலையாட்டுவேன். அப்ப ஒரு போடு போடுங்க."

"நீ யாருப்பா? சமையல்காரரா?"

"தாளம்ங்க."

"எனக்குச் சோறு ஆறுதே."

"உங்க மேஜைதாங்க பேஸ் டிரம்மு. நீங்க இல்லேன்னா பாட்டே இல்லீங்க."

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாழ்க்கையில் யாரும் அவரிடம் இப்படிச் சொன்னதில்லை. அடுத்த தலையாட்டலில் சரியான இடத்தில் போட்டார். மூலைக்கு மூலை ஓடிச் சவரிமுத்து பந்தியைப் பிரித்துவிட்டார். பெண் வீட்டார் ஒன்றாவது தட்டு, மாப்பிள்ளை வீட்டார் இரண்டாவது தட்டு, அந்தக் குழந்தை இஷ்டத்துக்கு. கூடத்து நடுவில் நின்று குச்சியை ஆட்டினார்.

"ரசம் வந்துருச்சே, என்ன செய்ய?" என்று மாப்பிள்ளையின் மாமா கேட்டார்.

"ரசம் சத்தமில்லாத அயிட்டம்ங்க. சரணத்துல குடிச்சுக்கங்க."

பரிமாறுகிறவர்களுக்கு அப்பளக் கூடையோடு ஓட்டமான ஓட்டம். இரண்டு வீட்டாருக்கும் போட்டி வந்து, வாங்கியதைத் தின்னாமல் நொறுக்கிக்கொண்டே இருந்தார்கள். திருமேனி அன்று பாடியதுபோல் அதற்கு முன் பாடியதில்லை. சாலமன் விரலை எடுத்து இடுப்பில் துடைத்துக்கொண்டார்.

கச்சேரி முடிந்ததும் முதலாளி வந்தார். "தாளம் பிரமாதம்யா. ஆனா உன்ன மேடையில காணோமே?"

"துண்டு இருந்துச்சேங்க."

"ஆமா, பார்த்தேன்," என்று முதலாளியும் ஒப்புக்கொண்டார். பூச்சாடிப் பேச்சு அதோடு நின்றது.

அதற்குப் பிறகு கச்சேரிக்கு ஆள் வந்தால், என்ன பாட்டு வேண்டும் என்று திருமேனி கேட்பதில்லை. என்ன சாப்பாடு என்றுதான் கேட்பார். அப்பளம் இல்லாத பிரியாணி என்றால் சோகப் பாட்டு மட்டும் ஒப்புக்கொள்வார். இப்படி இருக்கும்போது மலையடிவார முருகன் கோயிலிலிருந்து அழைப்பு வந்தது. சஷ்டிக் கச்சேரி. அன்றைக்கு ஊர் மொத்தமும் விரதம்.

"யாரும் சாப்பிடலேன்னா தாளத்துக்கு எங்க போறது?" என்றார் திருமேனி.

இந்த முறை சவரிமுத்துவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "நாமதான் சாப்பிடணும்," என்றார்.

மறுநாளே ஒத்திகை. நாலு மூலையில் நாலு மேஜை, நாலு இலை, பிலோமினா பொரித்த அப்பளம் ஒரு அண்டா. துள்ளல் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். முதல் வரியிலேயே கிட்டார்க்காரர் மேஜை பின்தங்கியது.

"பக்கிரி, தாளம் இழுக்குது," என்றார் சவரிமுத்து.

"வாயில சோறு இருக்குண்ணே. மெல்ல வேண்டாமா?"

நியாயமான கேள்வி. திருமேனியும் சாலமனும் உள்ளங்கையை அப்பளத்துக்கு மேலே நிறுத்திவைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். சவரிமுத்து கண்ணை மூடிப் பாட்டை ஆரம்பத்திலிருந்து மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார்.

"மெல்றத சரணத்துல வச்சுக்க," என்றார். "பல்லவிய முழுங்கிரு."