ஐந்து அநீதிகளும் விட்டுப்போன ஒன்றும்

"நடந்த வரிசையிலேயே சொல்றேன் டீச்சர். வரிசை மாறினா நியாயமும் மாறிடும்."

தணிகாசலம் சுண்டுவிரலை மடக்கினார்.

"ஒண்ணு. அங்கன்வாடி. பிள்ளை ஓடுதுன்னு துப்பட்டாவால ஜன்னல் கம்பியில கட்டிப் போட்டாங்க. சாயந்திரம் அம்மா வந்து அவிழ்த்துக் கூட்டிட்டுப் போச்சு."

மோதிர விரல்.

"ரெண்டு. நர்சரிப் பள்ளி. மத்த பெத்தவங்க முகம் சுளிக்கிறாங்கன்னு டீசியைக் கையில கொடுத்தாங்க. கூடவே ஒரு சாக்லேட்டு."

நடுவிரல்.

"மூணு. பேய் பிடிச்சிருக்குன்னு கோயில்ல வேப்பிலையால அடிச்சாங்க. கன்னத்துல கீறல் இன்னும் இருக்கு."

ஆள்காட்டி விரல்.

"நாலு. பெரியாஸ்பத்திரி. ஆட்டிசம்னு ஒரு சான்று எழுதித் தர்றதுக்குக் கதவு கதவா அலையவிட்டாங்க. கடைசிக் கதவுல டாக்டர் லீவு."

கட்டைவிரல்.

"அஞ்சு. எங்க பள்ளிக்கூடம். மணி அடிச்சா காதைப் பொத்திக்கிட்டு அலறுதுன்னு சத்துணவுக்கூடத்துப் பக்கத்துல தனியா உட்கார வெச்சாங்க. நான் சண்டை போட்டு என் வகுப்புக்குக் கொண்டுவந்தேன். இப்ப வெள்ளிக்கிழமை மேலாண்மைக் குழுவுல தீர்மானம் போட்டு வெளியூர் விடுதிக்கு அனுப்பப் போறாங்க. தன் பேரே தெரியாத பிள்ளைக்கு இங்க என்ன வேலைன்னு கேக்குறாங்க."

ஐந்து விரலும் மடங்கி முடிந்தபோது அது முஷ்டியாகியிருந்தது. அவர் கைக்கு அதுதான் பழக்கம்.

பியூலா டீச்சர் அந்த முஷ்டியைப் பார்த்தார்.

"ஒண்ணு விட்டுப்போச்சு சார்."

"விரல் தீர்ந்துபோச்சே."

"அதான் விட்டுப்போச்சு."

அவ்வளவுதான் சொன்னார். பயிற்சி மையத்தின் ஜன்னல்களைச் சாத்தப் போய்விட்டார்.

*

தணிகாசலம் பயிற்சி என்றால் வடை, டீ, கையெழுத்து என்று எண்ணிய தலைமுறையைச் சேர்ந்தவர். சங்கத்தில் பேர் பெற்றவர். மறியலில் பல் ஒன்றைப் பறிகொடுத்தவர். மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும் குரல் அவருக்கு. அந்தக் குரலுக்கு அஞ்சித்தான் பல அதிகாரிகள் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

பியூலாவுக்கு அவர் மகள் வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு எப்படி இருப்பது என்று சாதாரண ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை.

அந்த வயதுக்காரியிடம் பாடம் கேட்க வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருந்தது.

விட்டுப்போனது எது? அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு குற்றம் பட்டியலில் விடுபட்டால் எதிராளி அந்த ஓட்டை வழியாகத் தப்பிவிடுவான். அது அவர் துண்டுப் பிரசுரங்களில் படித்தது.

பிள்ளையின் அம்மா அஞ்சலையைத் தோல் தொழிற்சாலை வாசலில் பிடித்தார்.

"நீ எதையாவது சொல்லாம விட்டுட்டியாம்மா? பஸ்ஸுல, தெருவுல, சொந்தக்காரங்க வீட்டுல?"

அஞ்சலை யோசித்தாள்.

"விட்டுப்போனது ஒண்ணும் இல்லீங்க சார். எல்லாம் விடாம நடந்துச்சு."

*

மறுநாள் காலையில் பியூலா வகுப்புக்கு வந்தார். நாற்காலி போட்டார்கள். அவர் தரையில், பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மேலே கூரையில் காற்றாடி ஓடியது. பிள்ளை காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தணிகாசலம் வருகைப் பதிவை எடுத்தார். கோஷம் போடுகிற வேகத்தில் போனது வாசிப்பு.

"சத்யா."

"உள்ளேன் ஐயா."

"செம்மலர்."

காற்றாடி சுற்றியது.

"செல்வகணபதி."

"உள்ளேன் ஐயா."

"ஞானசேகர்."

"உள்ளேன் ஐயா."

"தாமோதரன்."

"உள்ளேன் ஐயா" என்றது பிள்ளை, காற்றாடியிடம்.

வகுப்பு சிரித்தது. "டேய் தாமோதரா, உனக்குப் பதிலா அவ வந்துட்டா, நீ வீட்டுக்குப் போ" என்றது ஒரு குரல்.

தணிகாசலத்தின் முகம் சுருங்கியது. பியூலாவிடம் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "தினமும் இப்படித்தான் டீச்சர். நேத்து ஞானசேகருக்குச் சொல்லுச்சு. பேரே தெரியலைன்னு அவங்க சொல்றதுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"உங்க பள்ளிக்கூடத்துல கிணறு இருக்கா சார்?" என்று கேட்டார் பியூலா.

*

இருந்தது. கட்டடத்துக்குப் பின்னால், கம்பிவலை போட்டு மூடியது. அந்தப் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் ஆழம். தண்ணீர் அடியில் எங்கோ ஒரு கண்ணைப் போலத் தெரிந்தது.

பியூலா கை நிறையக் கூழாங்கற்களை அள்ளினார். ஒன்று போட்டார். உடனே இன்னொன்று. இன்னொன்று. இன்னொன்று.

அடியில் டுப் என்றது.

"இது எந்தக் கல்லு சார்?"

"எப்படிச் சொல்றது? மழையாட்டம் கொட்டுறீங்க."

"கடைசியாப் போட்ட கல்லா?"

"இருக்கலாம்."

பியூலா மிச்சக் கல் ஒன்றை அவர் கையில் வைத்தார்.

அவர் போட்டார்.

ஒன்றும் கேட்கவில்லை. அவர் வலையின் மேல் குனிந்தார். காது கொடுத்தார். இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு நேரமா என்று கேட்க வாயெடுத்தார்.

டுப்.

அவர் நிமிரவில்லை. வலையைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"அந்தப் பதில் தாமோதரனுக்கு இல்ல" என்றார் கடைசியில்.

பியூலா கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார்.

*

தெரிந்துகொள்வது ஒன்று, செய்வது ஒன்று.

மறுநாள் அவர் "செம்மலர்" என்று வாசித்துவிட்டுக் காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குத் தெரியாத வேலை. கூட்டத்தில் ஒரு கோஷத்தைக் கொடுத்தால் அந்த நொடியே ஆயிரம் வாய் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் போராட்டம் தோற்றது என்று பொருள். அந்த மௌனத்தில் அவருக்கு வியர்த்தது.

"செம்மலர்" என்றார் மறுபடியும், உரக்க.

பிள்ளை காதைப் பொத்திக்கொண்டது. வகுப்பு நெளிந்தது.

தரையில் உட்கார்ந்திருந்த பியூலா சொன்னார்: "முதல் கல்லு இன்னும் தண்ணியைத் தொடலை சார். அதுக்குள்ள ரெண்டாவதைப் போட்டுட்டீங்க. ரெண்டாவது பெரிய கல்லு வேற."

வியாழக்கிழமை குரலைத் தாழ்த்தி வாசித்தார். நாக்கைப் பல்லுக்கடியில் பிடித்துக்கொண்டார். பதில் வந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. மதியம் வாசித்தபோது வரவில்லை. மணி அடித்துவிட்டது, பிள்ளை மேசைக்கடியில் போய்விட்டது.

காலையில் வந்தது. மதியம் வரவில்லை. நாளைக்கு?

பஸ் நிறுத்தம் வரை பியூலாவோடு நடந்தார்.

"அந்த ஆறாவது என்ன டீச்சர்? நாளைக்குக் கூட்டம். இப்பவாவது சொல்லிடுங்க."

"அஞ்சையும் திரும்பச் சொல்லுங்க."

சொன்னார். வரிசை பிசகாமல், விரல் மடக்கி.

"இதெல்லாம் யாருக்கு நடந்துச்சு சார்?"

"அந்தப் பிள்ளைக்குத்தான்."

"அந்தப் பிள்ளைக்கு" என்று அவர் சொன்னதையே மெதுவாகத் திருப்பிச் சொன்னார் பியூலா.

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

*

இந்த நாட்டில் ஏழைப் பிள்ளையை வெளியே தள்ளுகிறவர்கள் கோபமாகத் தள்ளுவதில்லை. வாசல் வரை வந்து, தலையைத் தடவி, உன் நல்லதுக்குத்தான் என்று சொல்லி வழியனுப்புவார்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டமும் அப்படித்தான் அன்பாகத் தொடங்கியது.

மேலாண்மைக் குழுத் தலைவர் முனிரத்தினம், பூக்கடைக்காரர். தலைமை ஆசிரியை தீர்மானப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். உறுப்பினர்களாகப் பெற்றோர்கள். கடைசி வரிசையில் பியூலா. ஜன்னல் ஓரத்தில் அஞ்சலை. அவள் முந்தானையைப் பிடித்தபடி பிள்ளை. அந்த அறையிலும் காற்றாடி இருந்தது. அந்த மட்டில் நல்லது.

தணிகாசலம் காவலாளியைப் பார்த்து, கூட்டம் முடியும்வரை மணியடிக்க வேண்டாம் என்று முன்பே கேட்டுக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் அவர் கோரிக்கை வைக்காமல் கேட்டுக்கொண்ட முதல் விஷயம் அது.

தலைமை ஆசிரியை வாசித்தார். "பொருள் மூன்று. ஒரு மாணவியை விடுதிப் பள்ளிக்கு மாற்றுவது குறித்து."

"பாவம் சார் அது" என்றார் முனிரத்தினம். "அங்க அதுமாதிரிப் பிள்ளைங்க நிறைய இருக்கும். இதுக்கும் நிம்மதி, நம்ம பிள்ளைங்களுக்கும் நிம்மதி. நீங்க ஏதோ பேசணும்னீங்களே, பேசுங்க. மீட்டிங் குரலை மட்டும் கொஞ்சம் கொறைச்சுக்குங்க. இது தாலுகா ஆபீஸ் வாசல் இல்ல."

சிலர் சிரித்தார்கள்.

தணிகாசலம் எழுந்தார். ஒண்ணு என்றார். ரெண்டு என்றார். மூணு சொன்னபோது ஒரு தாய் தலையைக் குனிந்துகொண்டாள். நாலு. அஞ்சு. முஷ்டி ஆகிவிட்டது.

"இதெல்லாம் எங்களுக்கும் தெரிஞ்சதுதான் சார்" என்றார் முனிரத்தினம். "மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா கூப்பிட்டாத் திரும்பிப் பார்க்காத பிள்ளையை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? அவ்வளவுதானே? டீச்சர், எழுதிக்குங்க."

தலைமை ஆசிரியை பேனாவைத் திறந்தார்.

"ஆறாவது இருக்கு" என்றார் தணிகாசலம்.

தன் முஷ்டியைப் பார்த்தார். மடக்க விரல் இல்லை. ஒவ்வொன்றாக விரித்தார். கை வெறும் கையானது.

ஜன்னல் பக்கம் திரும்பி, இருவருக்கு இடையில் பேசுகிற குரலில், "செம்மலர்" என்றார்.

பிள்ளை காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அறையில் ஒருவர் இருமினார். இன்னொருவர் நாற்காலியை இழுத்தார். அஞ்சலை மகளின் தோளைத் தட்டப் போனாள். கடைசி வரிசையில் பியூலா வேண்டாம் என்று தலையை அசைத்தார். அஞ்சலையின் கை பாதியில் நின்றது.

"பார்த்தீங்களா சார்..." என்று தொடங்கினார் முனிரத்தினம்.

தணிகாசலம் உள்ளங்கையை உயர்த்தினார். ஆயிரம் பேரை அடக்கிய கை அது. பூக்கடைக்காரர் அடங்கினார்.

 இன்னொரு முறை கூப்பிட்டுவிடு என்று தணிகாசலத்தின் குரல் உள்ளே முட்டியது. பல்லுக்கடியில் நாக்கைப் பிடித்துக்கொண்டார். மறியலில் போன பல்லின் இடத்தில் நாக்கு வலித்தது. கல் போய்க்கொண்டிருக்கிறது. அடியில் தண்ணீர் இருக்கிறது. காலையில் இருந்தது. மதியம்...

காற்றாடி சுற்றியது.

"உள்ளேன் ஐயா."

 முனிரத்தினம் சுற்றுமுற்றும் பார்த்தார். இந்த முறை நடுவில் வேறு எந்தப் பெயரும் இல்லை.

தலைமை ஆசிரியை தீர்மானப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு 'ஒரு மாணவி' என்று எழுதியிருந்ததன் மேல் ஒரு கோடு போட்டார்.

"சார், பேரைச் சரியாச் சொல்லுங்க. எழுதணும்."

தணிகாசலம் அந்த அறையில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் ஒருமுறை பார்த்தார். குரலை உயர்த்தாமல், ஆனால் கடைசி வரிசை வரைக்கும் போகும்படி வாசித்தார்:

"இரா. செம்மலர்."