தலைவர் பழகாத பந்து

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. எங்கள் மலையூர் கோல்ஃப் கிளப்புக்கு நான்தான் செயலாளர். தலைவர் ராஜரத்தினம் தினமும் இருநூறு பந்து அடித்துப் பழகுவார். ஆனாலும் வெளியூர்ப் போட்டி என்றால் தோற்றுத்தான் திரும்புவார். ஒருநாள் எல்லோர் முன்னாலும் தன் கோல்ஃப் பையைத் தூக்கி வரும் உதவியாளர் பெள்ளியைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாம் உன்னாலதான். நான் பழகாத பந்துன்னு ஒண்ணு இருந்தா இப்பவே காட்டு. இல்லைன்னா நாளையிலேருந்து வராதே.”

குழியிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு பந்தை வைத்தார் பெள்ளி. “இதைத் தட்டுங்க சார்.”

தலைவர் சிரித்துக்கொண்டே தட்டினார். பந்து குழியைத் தாண்டி ஓடியது. இரண்டாவது பந்து விலகிப் போனது. மூன்றாவது பாதியிலேயே நின்றது.

“இத்தனை பழகியும் இது ஏன் வரலை?”

“இதை நீங்க பழகினதே இல்லையே சார். பந்து குழிக்கிட்ட வந்தாலே, ‘விழுந்த மாதிரிதான்’னு இவங்க எடுத்துக் கையில குடுத்துடறாங்க. வெளியூர்ல யார் எடுத்துக் குடுப்பா?”

தலைவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்தேன். குனிந்த பிறகுதான் கவனித்தேன், அந்த மூன்றாவது பந்து என் கையில் இருந்தது.