இரண்டாவது ஆணியில் தொங்கிய இடுக்கி

எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று வேதநாயகிக்குப் பயம். கோபம் வந்தால் அவளுக்கு வார்த்தைகள் முன்பின்னாக வரும். முதலில் சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொல்வாள். சொல்லவே கூடாததை எடுத்த எடுப்பில் சொல்லிவிடுவாள். பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்தாள். நாலு தடவையும் நாலு விதமாக வந்தது. நல்லவேளை, பையில் கடிதம் இருந்தது. மகளை உட்காரவைத்து, சொல்லச் சொல்ல எழுதவைத்த கடிதம். அதை மாஸ்டர் கையில் கொடுத்துவிட்டால் தான் வாயே திறக்க வேண்டாம் என்று நினைத்திருந்தாள்.

பட்டறைக்குள் கால் வைத்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"திருடி, மாஸ்டர்! அவ திருடி!"

மாதங்கி பர்னருக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணாடிக் குச்சி ஒன்றைத் தீயில் உருட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முப்பத்தைந்து வயது. வேதநாயகிக்கு நாற்பத்தொன்பது. ஆனாலும் அந்தத் தகரக் கொட்டகையில் கண்ணாடி வேலை கற்றுக்கொள்ள வந்த எல்லோருக்கும் மாதங்கிதான் மாஸ்டர்.

"செருப்பைக் கழட்டாதீங்கக்கா. தரையில சில்லு கிடக்கு."

"யாருன்னு கேக்க மாட்டீங்களா?"

"நீங்களே சொல்லிடுவீங்க."

"லூர்து! கூடவே உக்காந்து, எஞ் சோத்தைத் தின்னு, என் இலையை அப்படியே செஞ்சு சென்னைக் கண்காட்சிக்கு அனுப்பியிருக்கா. நரம்பு முதக்கொண்டு!"

மாதங்கி குச்சியைத் தீயிலிருந்து எடுத்தாள். ஆனால் உருட்டுவதை நிறுத்தவில்லை.

இலை என்றால் பச்சைக் கண்ணாடியில் ஒரு இலை, உள்ளங்கையில் பாதி இருக்கும். குச்சி நுனியில் உருகி நிற்கும் கண்ணாடியைப் பட்டை இடுக்கியால் ஒரே அழுத்தாக அழுத்தினால் இலை. பட்டறையில் எல்லோரும் செய்வதுதான். வேதநாயகியின் இலையில் மட்டும் நடுவே மெல்லிசாக ஒரு நரம்பு புடைத்து எழும். நுனிக்கு வரும்போது சற்றே ஒரு பக்கம் சாயும். எப்படி வருகிறது என்று அவளுக்கே தெரியாது. கைவாகு என்று நினைத்துக்கொண்டாள்.

இருபது வருஷம் மருந்துக் கம்பெனியில் ஊசிமருந்துக் குப்பிகளின் கழுத்தைத் தீயில் உருக்கி மூடியவள் அவள். ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்க வேண்டும். கொஞ்சம் மாறினாலும் குப்பைத் தொட்டி. அந்தக் கையிலிருந்து, யாருக்கும் வராத ஒரு கோடு வந்தது. போன வருஷம் பட்டறையைப் பார்க்க வந்த ஒரு அம்மாள் இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது உங்க கையெழுத்துங்க" என்றாள். எட்டாம் வகுப்போடு நின்றவள் வேதநாயகி. தபால் ஆபீசில் அவள் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

"ஒரே மாதிரி இலை ரெண்டு பேர்கிட்டேருந்து வந்திருக்காம். யாரோடது அசல்னு இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எழுதிக் கேட்டிருக்காங்க. அசல் இல்லாததைத் திருப்பி அனுப்பிடுவாங்க" என்றாள். "இந்தாங்க கடிதம். நீங்களும் சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

மாதங்கி குச்சியைக் கீழே வைத்துவிட்டு வாங்கி உரக்கவே படித்தாள்.

"'...இவருடைய இடுக்கி உடைந்துபோனதால் நானே இரக்கப்பட்டு என் இடுக்கியைக் கொடுத்தேன். மறுநாளே என் இலையைச் செய்துவிட்டார்.'" நிறுத்தினாள். "மறுநாளேவா?"

"மறுநாளே! கொஞ்சங்கூட வெக்கமில்லாம."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி அவ செஞ்சதெல்லாம் மொட்டை இலை."

"இந்தக் கடிதம் போச்சுன்னா லூர்துவோட மூணு மாச வேலை திரும்பி வந்துடும்."

"வரட்டும்."

"திருடின்னு பேராயிடும். அப்புறம் யாரும் வேலை குடுக்க மாட்டாங்க."

"அதை அவ நினைச்சிருக்கணும்!"

மாதங்கி காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தாள். சாட்சி என்று எழுதியிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வேதநாயகிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு லேசாக நடக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"நான் போட்டாச்சு. உங்களோடதுதான் பாக்கி."

"கடைசியில போடறேன்."

"சரி. ஒரு இலை செஞ்சுடுங்க. கடிதத்தோட சேத்து அனுப்பினா சண்டையே இல்லை. கண்ணாடி போட்டுக்கங்க. கண்ணு போயிடும்."

வேதநாயகி கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பச்சைக் குச்சியைத் தீயில் காட்டி உருட்டினாள். நுனி சிவந்து, குண்டாகி, தேன் சொட்டுப் போலத் தொங்கப் பார்த்தது. கையை நீட்டினாள். மாதங்கி தன்னுடைய இடுக்கியைக் கொடுத்தாள். வேதநாயகி அதைப் பார்க்கக்கூட இல்லை. லூர்துவின் முகத்தை நினைத்துக்கொண்டு ஓங்கி அழுத்தினாள்.

மொழுமொழுவென்று ஒரு இலை வந்தது. நரம்பு இல்லை.

"பேசிக்கிட்டே செஞ்சதுல கை தவறிடுச்சு" என்றாள்.

இரண்டாவது இலையும் மொட்டை. மூன்றாவது மொட்டை மட்டுமல்ல, ஒரு ஓரம் தடித்து உதடு போலப் பிதுங்கி நின்றது.

"இந்த இடுக்கி சரியில்லை மாஸ்டர்!"

"சரியாத்தான் இருக்கு. அதான்."

வேதநாயகி எழுந்து சுவரிலிருந்த இரண்டாவது ஆணியிலிருந்து, லூர்துவுக்குக் கொடுத்திருந்த தன் பழைய இடுக்கியை எடுத்துவந்தாள். நாலு வருஷமாக அவள் பிடித்துப் பிடித்துக் கைப்பிடியின் மரம் வழவழத்துப்போயிருந்தது. இன்னொரு குச்சியை உருக்கி அழுத்தினாள். நரம்பு எழுந்தது. நுனியில் அழகாகச் சாய்ந்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!"

"பாத்தேன். இப்போ இடுக்கியைக் குப்புறத் திருப்பிப் பிடிச்சு அழுத்துங்க."

"எதுக்கு?"

"சும்மா."

திருப்பி அழுத்தினாள். மேல்பக்கம் மொழுமொழுவென்று இருந்தது. குச்சியைப் புரட்டினாள். நரம்பு இலையின் முதுகில் புடைத்துக்கொண்டு நின்றது.

வேதநாயகி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். இடுக்கியை ஜன்னலுக்குக் கொண்டுபோய், அதன் வாயைப் பிளந்து பார்த்தாள். ஒரு பக்கத் தகட்டின் உள்ளே தலைமுடி கனத்துக்கு ஒரு பள்ளம் ஓடியது. நுனியில் சற்றே சாய்ந்திருந்தது.

பின்னால் பர்னரை மாதங்கி அணைக்கும் சத்தம் கேட்டது. செய்த இலைகளை ஒவ்வொன்றாக, மொட்டையானவற்றையும் விடாமல், ஆறவைக்கும் சூளைக்குள் வைத்தாள். வெளியே விட்டால் சடக்கென்று ஆறி வெடித்துவிடும்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள் வேதநாயகி.

"தெரியும்."

"நாலு வருஷமா தெரியும்!"

"ஆமாம்."

"அந்தம்மா கையெழுத்துன்னு சொன்னப்போ பக்கத்துலதானே நின்னீங்க? நான் பைத்தியக்காரி மாதிரி இளிச்சுக்கிட்டு நின்னேனே, உள்ளுக்குள்ள சிரிச்சீங்களா?"

"சிரிக்கலை."

"சொல்லியிருக்கலாமில்ல? ஒரு வார்த்தை! சின்னப் பொண்ணு நீங்க, உங்களை வாய் நிறைய மாஸ்டர் மாஸ்டர்னு கூப்பிட்டேனே!"

"அப்பதான் முதமுதலா நீங்க நிமிர்ந்து நின்னீங்க. சொல்ல வாய் வரலை. அது என் தப்பு."

தப்பு என்று ஒத்துக்கொண்டவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது என்று வேதநாயகிக்குத் தெரியவில்லை. அதனால் கோபம் இன்னும் ஏறியது. இடுக்கியைப் பிடித்திருந்த கை தலைக்கு மேலே போய்விட்டது.

மாதங்கி அசையவில்லை. அந்தக் கையையே பார்த்தாள்.

"அது அப்படித்தான் வந்துச்சு" என்றாள்.

"எது?"

"அந்தப் பள்ளம். எனக்குச் சொல்லிக்குடுத்தவர் ஆரோக்கியம் மாஸ்டர். நான் செஞ்ச ஒரு பூவைத் தன்னோடதுன்னு சொல்லி ஒருத்தருக்குக் குடுத்துட்டார். இதே இடுக்கியோட இதே மாதிரி நின்னேன். எறிஞ்சேன். அவர் குனிஞ்சுட்டார். பின்னால இரும்புத் தூண். அதுல பட்டு உள்தகடு கீறிடுச்சு."

வேதநாயகியின் கை மெல்ல இறங்கியது.

"நிஜமாவே அவர் எடுத்துக்கிட்டாரா?"

"எடுத்துக்கிட்டார்."

"அப்போ உங்க பக்கம் நியாயம் இருக்கே!"

"இருந்துச்சு. அவர் இடுக்கியைப் பொறுக்கித் துடைச்சு ஆணியில மாட்டினார். மறுநாள் அதுல ஒரு இலையை அழுத்தினார். 'அடே, நரம்பு விழுதே!'ன்னு குழந்தை மாதிரி குதிச்சார். அந்த வருஷம் முழுக்க நரம்பு வெச்ச இலைதான் செஞ்சார். கேட்டவங்ககிட்டயெல்லாம் தன்னோட கண்டுபிடிப்புன்னே சொன்னார்."

"நீங்க விட்டுட்டீங்களா?"

"நான் என்னக்கா சொல்றது? நான் கண்டுபிடிச்சது எறியறதை மட்டும்தான்."

வேதநாயகிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவிடவில்லை. ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். மேசையில் கடிதம் கிடந்தது. மாஸ்டரின் கையெழுத்து ஒரு சுழியாக, ஒரே வீச்சில் இருந்தது. அதன் பக்கத்தில் தனக்கான இடம் வெறுமையாக இருந்தது.

"இடுக்கி பட்டறையோடது. பள்ளம் உங்களோடது. இலை அழுத்தறது யாரோ சொல்லிக்குடுத்தது. தீயில கை நிக்கறதுகூட மருந்துக் கம்பெனியில பழகினது" என்றாள். "எனக்குன்னு என்னதான் இருக்கு மாஸ்டர்?"

மாதங்கி துணியைக் கையில் சுற்றிக்கொண்டு சூளைக் கதவை ஒரு விரற்கடை திறந்தாள். உள்ளே அந்த மூன்றாவது இலை, நரம்பில்லாமல், ஒரு ஓரம் உதடு பிதுங்கி, வரிசையில் முதலாவதாக இருந்தது.

"இது."

"அது அசிங்கமா இருக்கு!"

"ஆமாம். யாரும் திருட மாட்டாங்க."

வேதநாயகிக்கு முகம் ஜிவுஜிவு என்று எரிந்தது. வேலை ஆகாது என்று தெரிந்தால் அவள் பேசிக்கொண்டிருக்கிறவள் இல்லை. எழுந்தாள். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். பையைத் திறந்து பழைய இடுக்கியை அதற்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அது பாதி வழியில் சிக்கிக்கொண்டது. மறுபடி இழுத்து மூடினாள்.

"இது இனிமே என்கிட்டயே இருக்கட்டும். அவ கையிலயும் வேணாம், யார் கையிலயும் வேணாம்."

"சரிக்கா."

"நாலு வருஷம் நான் பிடிச்ச பிடி. மரம் தேஞ்சிருக்கிறது என் விரல்ல."

"நிஜம்தான்."

"அப்புறம் என்ன பாக்கறீங்க?"

மாதங்கி கடிதத்தை எடுத்து அவள் பக்கம் நீட்டினாள். மேலே பேனாவையும் வைத்தாள்.

"ஒண்ணும் இல்லை. லூர்து வந்து இடுக்கி எங்கன்னு கேப்பா. திருடு போயிடுச்சுன்னு இதுலயே சேத்து எழுதிடலாமா?"

வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றது. "வேதாக்கா வந்தாச்சா? உங்களுக்கு மீன் கொழம்பு கொண்டாந்திருக்கேன்!" என்று லூர்துவின் குரல் கேட்டது.

வேதநாயகி ஜிப்பைத் திறந்தாள். இடுக்கியை எடுத்துப் போய் இரண்டாவது ஆணியில் மாட்டினாள். பைக்குள் அது இருந்த இடத்தில், கையெழுத்துப் போடாத கடிதத்தை நாலாக மடித்து வைத்தாள். பேனாவை மாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மேசையிலிருந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்துக் கண்ணை மறைக்கிற மாதிரி மாட்டிக்கொண்டு, அணைந்த பர்னருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.