எதிர் நாற்காலி

ஒரு சிறுமி தனியாகச் செஸ் ஆடினாள். எதிரில் யாரும் இல்லை. ஆனாலும் தோற்றுப்போனாள். அப்படியானால் ஜெயித்தது யார்? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

பெனிட்டாவுக்குப் பதினொரு வயது. செல்போனில் ஆடினால் பெரியவர்களையே தோற்கடிப்பாள். நேரில் உட்கார்ந்தால், எதிராளி என்ன செய்வாரோ என்ற பயத்திலேயே ஆடுவாள். மூன்று போட்டிகளில் அப்படித்தான் தோற்றாள். மறுநாள் கடைசி வாய்ப்பு. ஜெயித்தால்தான் மாவட்ட அணியில் இடம்.

“நேர்ல ஆட எப்படித் தயாராகணும் மிஸ்?” என்று பயிற்சியாளர் சுகிர்தாவிடம் கேட்டாள்.

சுகிர்தா காய்களை அடுக்கினார். இரண்டு பக்கமும் நாற்காலி போட்டார். ஓரத்தில் கடிகாரத்தை வைத்தார்.

“வெள்ளை உனக்கு. ரெண்டு பாதமும் தரையில படணும். ஆட்டம் முடியிற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது.”

“எதிர்ல யாரு மிஸ்? பேயா?”

“பேய்க்குக் குதிரையை நகர்த்தத் தெரியாது. ஆடு.”

சுகிர்தா வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தார். வெளியே நல்ல வெயில்.

பெனிட்டா சிப்பாயை நகர்த்திக் கடிகாரத்தைத் தட்டினாள்; இனி எதிராளியின் நேரம் ஓடும். ஆடியதைத் தாளில் எழுத வேண்டும் என்பது போட்டி விதி. குனிந்து எழுதினாள்.

டக்.

நிமிர்ந்தாள். கறுப்புச் சிப்பாய் ஒன்று முன்னால் வந்திருந்தது. இப்போது அவளுடைய நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் கடலைத் தோல் நொறுங்கியது.

அவள் ஆடினாள். அந்தக் கறுப்புக் குதிரை மட்டும் இங்கே வந்துவிடக் கூடாது என்று நினைத்தபடி குனிந்தாள்.

டக்.

குதிரை அங்கே நின்றது.

அதற்குப் பிறகு அவள் வேகமாக ஆடினாள். எழுந்துவிட்டால் போதும் என்றிருந்தது. பாதம் தரையை விட்டு எழும்பியிருந்தது. பதினேழாவது நகர்த்தலில் அவளுடைய ராஜாவுக்குப் போக இடம் இல்லை.

“மிஸ், யாரோ ஆடுறாங்க.”

சுகிர்தா திரும்பவில்லை. “கறுப்புக் காயெல்லாம் எங்கே போச்சு?”

“எங்கே வரக் கூடாதுன்னு நினைச்சேனோ, அங்கே.”

“வேற எங்கேயாவது போச்சா?”

பெனிட்டா தாளைப் பார்த்தாள். “இல்லை மிஸ்.”

“உனக்குத் தெரிஞ்சதெல்லாம் எதிர்ல ஆடினவருக்கும் தெரியுது. நல்ல ஆட்டக்காரர்தான். நாளைக்கு அவரை எங்கே உட்கார வைக்கப் போறே?”

பெனிட்டா தாளை மடித்து வைத்தாள். பிறகு எழுந்து போய், எதிர் நாற்காலியைத் தூக்கி வந்து தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள்.