படகோடு ஒட்டிய குட்டி

"எனக்கு இனி என்ன குறை கிடக்கு, அம்மா? தீட்சை எப்ப தரப்போறியள்?"

தில்லையம்பலம் இதைக் கேட்டது கோயிலில் அல்ல; திருகோணமலைக் கடலில், படகில் இருந்துகொண்டு. அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவான கமலாம்பிகை அம்மையாருக்கு நாற்பதுகூட இல்லை. ஆனாலும் காலில் விழுந்து கும்பிட்டுத்தான் எழும்புவார்.

குறை சொல்ல முடியாத ஆள்தான். எறும்பைக் கண்டால் சுற்றிப் போகிற மனுஷன். அன்றைக்கும் வழியெல்லாம் அதே கதை. பறவையும் மீனும் தன் பிள்ளைகளாம். ஆலாப் பறவைகள் பறப்பதைக் காட்டிக் கண்கலங்கினார்.

அம்மையார் கடலைப் பார்க்கச் சொன்னார்.

தூரத்தில் தண்ணீருக்கு மேலே கறுப்பு முதுகுச் செட்டைகள் நிமிர்ந்து வந்தன. படகோட்டி மரியநாயகம் எஞ்சினை நிறுத்தினான். ஓர்கா என்றான். திமிங்கிலத்தையே கடித்துத் தின்னுமாம். இந்தப் பக்கம் காண்பதே அபூர்வம், ஐயாவுக்கு நல்ல அதிர்ஷ்டம் என்று சிரித்தான்.

நல்ல அதிர்ஷ்டம்தான், போங்கள்.

ஓர்காக்கள் துரத்த, டொல்பின் குட்டி ஒன்று ஓடிவந்து படகோடு ஒட்டிக்கொண்டது. தாயைக் காணவில்லை. தில்லையம்பலத்தின் கைக்கு எட்டும் தூரத்தில் அது மூச்சிரைத்துக்கொண்டு கிடந்தது.

செட்டைகள் படகைச் சுற்றின. ஒன்று அடியால் போக, படகு ஒரு பக்கம் சரிந்தது. மரியநாயகம் எஞ்சின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தான். பிடிக்கவில்லை.

கண்மூடித் திறப்பதற்குள், தில்லையம்பலம் படகில் கிடந்த துடுப்பை எடுத்தார். குட்டியின் முதுகில் ஊன்றித் தள்ளினார்.

அது திரும்பி வந்து ஒட்டியது.

இன்னும் பலமாகத் தள்ளினார்.

கடல் சிவந்தது. கொஞ்ச நேரத்தில் செட்டைகளும் போய்விட்டன.

மனுஷன் விறைத்துப்போனார். துடுப்பைக் கீழே வைக்கவும் தெரியவில்லை. தான்தான் அதைச் செய்தது என்று அவரால் நம்ப முடியவில்லை. பிறகு பொத்தென்று இருந்து, வாய்விட்டுக் குழறி அழுதார். தனக்கு இனித் தீட்சையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றார்.

அழுகை அடங்கியபோது கோபம் வந்தது.

"நீங்கள் பக்கத்திலதானே இருந்தனீங்கள், அம்மா. ஏன் என்ரை கையைப் பிடிக்கேல்லை?"

அம்மையாரின் முகம் வெளுத்திருந்தது.

"நானும் துடுப்பைத்தான் தேடினனான், ஐயா," என்றார். "நீங்கள் முந்தீட்டியள்."