பருந்துக் கூட்டில் குவிந்த மீன்கள்

பவளச்சி என்ற பெண் பருந்துக்கு ஓர் அநியாயம் நடந்தது. ஏரியே கூடியிருந்த சபையில் அவளை ‘உட்கார்ந்து தின்னி’ என்றார்கள். பேச்சோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும் என்று இருந்திருப்பாள். அவளுடைய சாப்பாட்டிலேயே கை வைத்தார்கள். எப்படி என்று கேளுங்கள்.

மலைகளுக்கெல்லாம் சிறகு இருந்ததாகச் சொல்வார்களே, அதற்குக் கொஞ்சம் பிந்திய காலம் அது. தாமரைப்பாடி ஏரிக்கரையில், இரை பிடித்துத் தின்னும் பறவைகள் எல்லாம் ஓர் அரசின்கீழ் வாழ்ந்தன. கழுகுதான் அரசர். மூக்கு வளைந்திருந்தால் குடிமகன், நேராக இருந்தால் இரை. அந்த நாட்டில் சட்டம் அவ்வளவு எளிமையாக இருந்தது.

பவளச்சி லேசுப்பட்டவள் அல்ல. பருந்து இனத்தில் ஆணைவிடப் பெண்தான் உருவத்தில் பெரியது. தண்ணீரில் கால் நனையாமல் கெண்டையை அள்ளிக்கொண்டு போவதில் அவளை அடித்துக்கொள்ள அந்த ஏரியில் ஆள் கிடையாது. மருத மரத்து உச்சிக் கூட்டில் இரண்டு குஞ்சுகள் பொரிந்த பிறகுதான் அவள் வேட்டைக்குப் போவதை நிறுத்தினாள். கணவன் வானளந்தான் மீன் கொண்டு வருவான், கூட்டு விளிம்பில் போடுவான், திரும்பிப் பார்க்காமல் பறந்துவிடுவான். மீதி எல்லாம் அவள் பாடு.

சபையில் பேச்சை ஆரம்பித்தது வல்லூறு.

“வானளந்தான் பாவம், இளைத்துப் போனான். அவன் வீட்டுக்காரியைப் பாருங்கள், உட்கார்ந்து தின்று தின்று எப்படிப் பெருத்திருக்கிறாள்.”

எல்லாரும் சிரித்தார்கள். வானளந்தானும் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் பவளச்சிக்குச் சுருக்கென்றது.

“கூட்டில் எனக்கு வேலை இருக்கிறது, அரசே,” என்றாள்.

“கூட்டில் என்ன பெரிய வேலை?”

“வந்து பாருங்கள்.”

“ஒவ்வொரு கூடாக எட்டிப் பார்ப்பதா அரசனுக்கு வேலை?” என்று கழுகரசர் மொட்டைத் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு தீர்ப்புச் சொன்னார். “கொண்டு வருகிறவருக்கே பங்கு. வானளந்தான் கொண்டு வருவது அவனுக்கும் குஞ்சுகளுக்கும். பவளச்சி தன் வயிற்றுக்குத் தானே தேடிக்கொள்ளட்டும். அவன் போட்ட மீனில் அவள் அலகு பட்டால், இந்த ஏரியை விட்டே போக வேண்டியதுதான்.”

“அப்படியென்றால் பிள்ளைகளுக்கு யார்...”

“அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்,” என்றான் வானளந்தான், பெருந்தன்மையாக.

மறுநாள் விடிந்ததும் பவளச்சி கிளம்பினாள். ஒரு கெண்டையைப் பிடித்துத் தின்றுவிட்டு, அக்கரைப் பனையில் போய் உட்கார்ந்தாள். கண் மட்டும் மருத மரத்திலேயே இருந்தது.

வானளந்தான் ஒரு குரவை மீனைக் கொண்டுவந்து போட்டான். குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்தின. போதவில்லை போலும் என்று நினைத்து, அதைவிடப் பெரிய குரவை ஒன்றைக் கொண்டுவந்தான். இன்னும் கத்தின. அடுத்து முக்கி முனகி ஒரு விராலையே தூக்கி வந்து போட்டான். கூடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குஞ்சுகளின் கத்தல் மட்டும் குறையவில்லை.

“தின்னுங்களேன். முன்னால்தானே கிடக்கிறது?” என்று கெஞ்சினான். குஞ்சுகள் வழவழத்த செதிலைக் கொத்திப் பார்த்தன. கொசு கடித்த தடம்கூட விழவில்லை.

உச்சி வெயிலில் சத்தம் தாங்காமல் ஊரே மருத மரத்தில் கூடிவிட்டது.

“இரண்டு நாள் அப்படியே கிடக்கட்டும்,” என்றார் கழுகரசர். “நன்றாக அழுகினால் தானாக மெத்தென்று ஆகிவிடும். அதன் ருசியே தனி.”

“தலை முன்பக்கம் வருகிற மாதிரித் திருப்பி வை. நாங்கள் மீனை அப்படித்தான் தூக்கிப் போவோம், ஒரு தொந்தரவும் இருக்காது,” என்றது விரால் அடிப்பான் என்ற மீன்பிடிப் பறவை. வானளந்தான் திருப்பி வைத்தான். விராலின் மூஞ்சியைப் பார்த்துச் சின்னக் குஞ்சு பயந்து பின்வாங்கியது.

தூக்கம் கெட்ட எரிச்சலில் இருந்தது ஆந்தை. “இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? முழுசாக விழுங்கச் சொல். எலும்பையும் முள்ளையும் பிறகு உருண்டையாகக் கக்கிவிட்டால் போகிறது,” என்றது. வானளந்தான் அந்த யோசனையையும் விடவில்லை. விராலின் வாலைக் குஞ்சின் வாயில் திணித்தான். குஞ்சு விராலுக்கு அடியில் காணாமல் போயிற்று.

அக்கரையில் பவளச்சிக்கு முதலில் சிரிப்பு வந்தது. ‘நன்றாகப் பார்க்கட்டும். இன்னும் கொஞ்ச நேரம் போனால் அவர்களே வந்து கூப்பிடுவார்கள்’ என்று நினைத்தாள். அந்த நேரத்தில் இரண்டு குரல்களில் ஒன்று மெலிந்து, நின்றுபோயிற்று.

அவள் அதற்குமேல் யோசிக்கவில்லை. நியாயம் ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன என்று ஏரியின் குறுக்கே அம்பு மாதிரி வந்து இறங்கினாள்.

“மீனைத் தொடாதே,” என்றது வல்லூறு. “தொட்டால் ஏரியை விட்டே போக வேண்டும், ஞாபகம் இருக்கட்டும்.”

“போகிறேன். பிள்ளைகள் தின்றதும் போகிறேன். இப்போது வெளிச்சத்தை மறைக்காமல் தள்ளி நில்.”

விராலைக் காலடியில் அழுத்திக்கொண்டு செதிலைச் சீவினாள். வயிற்றைக் கிழித்தாள். முள்ளை ஒதுக்கி, மெல்லிய சதையை நூல் நூலாக உரித்தாள். உரித்ததை அலகு நுனியில் ஏந்தித் தலையைச் சாய்த்து, சோர்ந்து கிடந்த குஞ்சின் வாயோரத்தில் வைத்தாள். அது விழுங்கியது. மறுபடி உரித்தாள், மறுபடி கொடுத்தாள். பெரியது முண்டியடித்தபோது அதை மார்பால் தள்ளிவிட்டுச் சின்னதற்கே மூன்றாவது வாயும் கொடுத்தாள். ஒதுக்கிய முள்ளையும் தோலையும் தான் விழுங்கினாள்.



“தினமும் இப்படித்தானா?” என்று கேட்டான் வானளந்தான்.

“நீங்கள் மீனைப் போட்டுவிட்டுப் போன பிறகு, தினமும்.”

“எனக்குத் தெரியாதே.”

“முதுகைக் காட்டிக்கொண்டு போனால் எப்படித் தெரியும்?”

வானளந்தான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். வல்லூறு, அவசரமாக எங்கோ போக வேண்டியதுபோலக் கிளையை மாற்றியது. குஞ்சுகள் இரண்டும் தொண்டைப் பை புடைக்கத் தின்று, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கிப்போயின.

கழுகரசர் தொண்டையைச் செருமினார். “பவளச்சி, தீர்ப்பு ரத்து. நீ எங்கேயும் போக வேண்டாம். இனி இந்தக் கூட்டுக்கு வரும் மீனில் முதல் பங்கு உனக்கு. ஆனால் ஒன்று கேட்கிறேன். எங்கள் சபையின் தீர்ப்பில் அப்படி என்னதான் பிழை?”

பவளச்சி அலகைக் கிளையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“கொண்டு வந்து போடுவது பாதி வேலைதான், அரசே, அதைப் பசி தீர்க்கும் உணவாக்குகிற மறுபாதி வேலையைக் கண்ணால் பார்க்காதவருக்குப் பங்கு பிரிக்கும் உரிமை கிடையாது.”